மேடும் சைக்கிளும்: தம்பதிகளுக்குச் சில யோசனைகள்



தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் சுமார் 5 கி.மீ. சாரல் காலத்தில் சைக்கிளில் போய்க் குளித்துவிட்டு வருவது நம் பக்கத்தில் பலருக்கும் பழக்கம். செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் மிதிக்க ஆசைப்படுவோரும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் தூரம் வேறு, மேடு வேறு.

மேட்டில் ஏன் மூச்சு வாங்குகிறது?

மேட்டில் உங்கள் உடம்பையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் 1 கி.மீ. போனால் 50 மீட்டர் ஏறுகிறீர்கள். ஏறக்குறைய தென்காசி ராஜகோபுரத்தின் உயரம் அது! 60 கிலோ ஆளும் 20 கிலோ சைக்கிளுமாக 80 கிலோவைக் கோபுர உச்சிக்குத் தூக்கியதற்குச் சமம். இதற்கு வேண்டிய பிராணவாயுவைக் கால் தசைகளுக்குக் கொண்டு போவது ரத்தம். கால் பலம் மட்டும் போதாது. மூச்சும் ரத்தமும் சேர்ந்துதான் மேடு ஏறுகின்றன.

எப்படி ஏறுவது?

1. மேட்டின் அடியிலேயே நிதானமாகத் தொடங்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியாது. அதுவே சரியான அளவு. இரண்டு வார்த்தைக்கே மூச்சு முட்டினால் வேகம் அதிகம்.

2. மிதி கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை வையுங்கள். சீட் தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும்.

3. கியர் இல்லாத சைக்கிளா? முடியாதபோது இறங்கித் தள்ளுங்கள். "தள்ளிட்டுப் போனா நாலு பேரு சிரிப்பாங்கல்லா?" சிரித்துவிட்டுப் போகட்டும், மூச்சு உங்களுடையது.

4. வயிறு முட்டச் சாப்பிட்டதும் ஏறாதீர்கள். தண்ணீரோ உப்பிட்ட மோரோ அவ்வப்போது சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

5. சாரலில் நனைந்த சக்கரத்தில் பிரேக் தாமதித்தே பிடிக்கும். இறக்கத்தில் முன்கூட்டியே இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடியுங்கள். புளியரை வளைவுகளில் லாரிகள் வரும். இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

மனைவியும் மிதிக்கலாமா?

தாராளமாக. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள்.

ஆனால் சிறு மேட்டிலேயே மூச்சிரைப்பு, தலைசுற்றல், படபடப்பு வந்தால் "வயசாயிட்டுது" என்று விட்டுவிடாதீர்கள். ரத்தசோகையாக இருக்கலாம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, பயறு வகைகள், நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள் மலையேற்றத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

கணவருக்கு ஒரு வார்த்தை

"ஆபரேசன் பண்ணிக்கிட்டா மேடு மிதிக்கத் தெம்பு இருக்காதாமே?" இது வீண் பயம். ஆண் கருத்தடை சிகிச்சையில் விந்தணு வரும் குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. ஆண்மைக்குரிய ஹார்மோன் எப்போதும்போல ரத்தத்தில் கலக்கிறது. தசை பலம் குறையாது. 2 நாள் ஓய்வு போதும். சைக்கிள் மட்டும் 7 நாள் வேண்டாம். மூன்று மாதம் ஆணுறை உபயோகித்து, பிறகு விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இந்த வீண் பயத்தால், ரத்தசோகையில் களைத்திருக்கும் மனைவியையே ஆபரேசனுக்கு அனுப்புவது நியாயமா? இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

உடனே நிறுத்துங்கள்

நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல்: இவற்றில் ஒன்று வந்தாலும் இறங்கி உட்காருங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே மலைப்பாதைக்குப் போக வேண்டும்.

நினைவில் கொள்க: வாரத்தில் 150 நிமிடம் மிதமான தேகப்பயிற்சி பெரியவர்கள் எல்லோருக்கும் தேவை. முதலில் குற்றாலம் வரை போய்ப் பழகுங்கள். சில வாரம் கழித்து ஐந்தருவி. அதிலும் சுகமாகப் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் புளியரை. மலை எங்கும் போய்விடாது, அவசரம் வேண்டாம்.