கொடையும் கணக்கும்

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்றோர் ஊர் உண்டு. அந்தணர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊரைப் பிரமதேயம் என்பது பண்டை வழக்கு. அச்சொல்லே பிரம்மதேசம் என மருவியது என்பர். பாதாளீசுவரர் கோயில், பிரமபுரீசுவரர் கோயில் என்னும் சோழர் காலக் கற்றளிகள் இரண்டு அங்கு உள்ளன. அவ்வட்டாரத்துக் கோயிற் சுவர்களை உற்று நோக்குவோர் ஓர் உண்மையை உணர்வர். அவற்றிற் பொறிக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி கணக்கே ஆகும். கொடுத்தவர் யார், கொடுத்த பொருள் யாது, எப்பணிக்குக் கொடுத்தார், அதனைக் காக்கும் பொறுப்பு எவரைச் சார்ந்தது என்பன யாவும் கல்லில் வெட்டப்பட்டிருக்கும். அயலூராகிய எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் விளங்கிய கல்லூரியில் 340 மாணாக்கர் பயின்றனர்; ஆசிரியர் 14 பேர் இருந்தனர். இவர்களுக்கு நாடோறும் அளக்க வேண்டிய நெல்லின் அளவு நாழிக் கணக்கில் அக்கோயிற் கல்வெட்டில் காணப்படுகின்றது. அவ்வழியே செல்லும் எழுத்தறிந்த எவனும் அதனைப் படித்து, நெல் ஒழுங்காக அளக்கப்படுகின்றதா என வினவலாம். அக்காலத்துக்கு ஏட்டினும் கல்லே பொருத்தமாயிற்று. ஏட்டை ஒருவன் பெட்டியில் வைத்துப் பூட்டி விடலாம் அன்றோ?

கொடைக்கு இங்ஙனம் கணக்கு வகுத்தவர்கள், பொறுப்பேற்பார்க்கும் நெறி வகுத்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தகனுடைய ஆட்சியில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இரண்டும் உலகறிந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவன் கொடுக்கும் ஓலையை மத்தியத்தன் எவ்வாறு வாங்க வேண்டும் என்பதையும் கல்வெட்டுக் கூறுகின்றது. ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும். விரல் மடங்கினால் வேறோர் ஓலை அங்கு ஒளிந்திருக்கக் கூடும் என்னும் ஐயம் அவர்களுக்கு இருந்தது. ஏற்ற ஓலையை அவன் உரக்கப் படித்த பின்னர், அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனைப் படித்தனர்.

முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுடைய பெயர் குடத்தில் இடப்படாது. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மைத்துனன், மருமகன், அத்தை மக்கள் முதலியோருக்கும் அவ்வாண்டு இடமில்லை. இது கடுமையான விதியே. ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் மைத்துனன் ஏன் ஒதுங்க வேண்டும் என்று கேட்பின், கணக்கு மறைக்கப்படும்போது அப்பொருள் பெரும்பாலும் உறவினர் வீட்டிலேயே சென்று தங்கும் என்பதை அச்சபையோர் அறிந்திருந்தனர் என்க. அச்சபை எல்லா மக்களுக்கும் உரியதன்று என்பதையும் மறத்தலாகாது. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவரே அதில் அமர்ந்தனர். உழுதவர்க்கும் மகளிர்க்கும் அதில் இடமில்லை.

இனி, இக்காலத்திற்கு வருவோம். குடியாட்சியில் நாடாள்வோரைத் தேர்தலுக்கு நிறுத்துபவை கட்சிகள். கட்சி நடத்தப் பொருள் வேண்டும். அப்பொருளைத் தருவோர் யார்? 1957-ஆம் ஆண்டில் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம், கட்சிகளுக்கு நன்கொடை வழங்கும் வகையில் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள விரும்பிற்று. வழக்குப் பம்பாய் உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. சட்டத்தில் தடையில்லாமையால் நீதிமன்றம் இசைந்தது. எனினும் தலைமை நீதிபதி சாக்ளா, இவ்வழக்கம் வளர்ந்தால் குடியாட்சியின் குரல்வளையையே நெரித்துவிடக்கூடும் என எச்சரித்து, நாடாளுமன்றம் இதனைக் கருத வேண்டும் என்றும் கூறினார். 1969-இல் நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை அளிப்பது தடுக்கப்பட்டது. 1985-இல் வரம்புடன் மீண்டும் இடம் பெற்றது. இடைக்காலத்தில் பணம் நின்றுவிட்டது என்று எவரும் நம்பவில்லை. கணக்கில் வாராத வழியில் அது சென்றது என்றே பலரும் கருதினர்.

2018-ஆம் ஆண்டு தேர்தல் பத்திரம் என்னும் முறை வந்தது. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில் பாரத ஸ்டேட் வங்கி பத்திரங்களை விற்றது. வாங்கியவர் தாம் விரும்பிய கட்சிக்கு அதனை அளிப்பர். கட்சி பதினைந்து நாளுக்குள் அதனைப் பணமாக மாற்றிக்கொள்ளும். பத்திரத்தில் வாங்கியவர் பெயரும் இல்லை, பெறும் கட்சியின் பெயரும் இல்லை. நிறுவனங்களின் நன்கொடைக்கு அதுவரை இருந்த வரம்பும் 2017-இல் நீக்கப்பட்டிருந்தது. பணம் வங்கி வழியே செல்வதால் கறுப்புப் பணம் குறையும் என்றும், பெயர் வெளிப்படின் எதிர்க்கட்சியினரால் கொடையாளிக்குத் துன்பம் நேரும் என்றும் அரசு கூறிற்று. இவ்விரண்டும் புறந்தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. ஆயினும் ஒன்று நோக்குக. கோடிக்கணக்கில் கொடுப்பவன், தான் கொடுத்ததைக் கட்சிக்குக் கூறாமல் இருப்பானோ? கொடுத்தவன் அறிவான், பெற்றவனும் அறிவான், வாக்களிக்கும் குடிமகன் ஒருவனே அறியான்.

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் முதலியோர் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் அமைந்த ஐவர் ஆயம் 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. குடிமக்களின் அறியும் உரிமைக்கு இம்முறை முரணானது என்று கூறி, அதனை நீக்கியது. விவரங்களை வெளியிடுமாறும் ஆணையிட்டது. வங்கி சூன் இறுதிவரை காலம் கேட்டது. மார்ச்சு 11-ஆம் நாள் நீதிமன்றம் அதனை மறுத்தது; மறுநாளே வங்கி விவரங்களை ஒப்படைத்தது. மூன்று மாதங்கட்கு மேல் வேண்டும் எனப்பட்ட வேலை ஒரு நாளில் முடிந்தமை வியப்பே!

விற்ற பத்திரங்களின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 16,500 கோடி ரூபாய். அதில் மிகப் பெரும் பங்கு மத்தியில் ஆண்ட பாரதிய ஜனதா கட்சிக்குச் சென்றது. கொடையாளிகளுள் முதலிடம் கோயம்புத்தூரைச் சார்ந்த லாட்டரி நிறுவனம் ஒன்றற்கு உரியது; அது வாங்கியவை 1,368 கோடிக்கு. தமிழ்நாட்டிலோ லாட்டரிச் சீட்டு 2003 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அந்நிறுவனத்திடமிருந்து 509 கோடி பெற்றதைத் திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தல் ஆணையத்திற்குத் தெரிவித்திருந்தது. பெரும்பாலான கட்சிகள் தமக்குக் கொடுத்தவர் பெயரை அங்ஙனம் தெரிவிக்கவில்லை.

பத்திரம் ஒழிந்ததனால் மறைவு முழுதும் ஒழிந்துவிடவில்லை. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட கொடைக்கே கட்சிகள் தேர்தல் ஆணையத்திற்குப் பெயர் காட்ட வேண்டும். வேட்பாளர் செலவுக்கு வரம்பு உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிக்கு அது 2022-இல் 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. கட்சியின் செலவுக்கோ வரம்பு வகுக்கப்படவில்லை. முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாளுக்குள் வேட்பாளர் தம் செலவுக் கணக்கை அளிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் மூன்றாண்டு தேர்தலில் நிற்கும் தகுதியை அவர் இழக்கலாம். தனி மனிதர்க்குரிய இவ்விதி உத்தரமேரூர்ச் சபையோர் கண்ட விதியை ஒத்தது. கட்சி தன் நன்கொடை அறிக்கையை அளிக்கத் தவறினால் அதற்கு அச்சட்டம் விதிக்கும் தண்டம், அவ்வாண்டின் வருமானவரிச் சலுகையை இழப்பது ஒன்றே. அடுத்த தேர்தலில் அதன் சின்னம் வழக்கம்போல வாக்குப்பொறியில் இடம்பெறும்.