டெஸ்டிங் அறையில் யாருடைய காது?

ஒலித் தொழில்நுட்ப நிறுவனங்களில் புதிய ஹெட்போனோ, அழைப்பில் இரைச்சலை வடிகட்டும் மென்பொருளோ தயாரானதும் ‘லிஸனிங் டெஸ்ட்’ வைப்பார்கள். தொலைபேசிக் குரலின் தரத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், இசை என்றால் 0 முதல் 100 வரை. இரண்டுக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதிமுறை வகுத்திருக்கிறது. அசல் ஒலியை மற்றவற்றின் நடுவே எப்படி மறைத்து வைக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை நடப்பது வேறு. கையில் வேலை இல்லாத நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். நான் பார்த்த இடங்களில் அந்த நால்வரும் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டாத ஆண்கள், ஒரே மாதிரிக் கல்லூரிகளில் படித்தவர்கள், காதில் குறை இல்லாதவர்கள். அவர்களுக்கு நன்றாகக் கேட்டால் எல்லோருக்கும் கேட்கும் என்று அறிக்கை போய்விடும்.

பணியிடப் பண்பாடு, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்று மனிதவளத் துறை பேச ஆரம்பித்ததும் பொறியாளர்கள் கைபேசியைக் கையில் எடுக்கிறார்கள். போஸ்டர் ஒட்டுகிற விவகாரம் என்பது அவர்கள் நினைப்பு. ஒலித் துறையில் இது நேரடியாகத் தொழில்நுட்ப விவகாரம். அறையில் யார் இல்லையோ, அவர்கள் குரலும் காதும் தயாரிப்பில் விடுபட்டுப் போகின்றன.

இதற்குக் கணக்கே இருக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் ஐந்து மென்பொருள்களை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் என்று ஐந்தும் பெரிய இடத்துப் பிள்ளைகள். வெள்ளை அமெரிக்கர்கள் பேசியபோது நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை. கறுப்பின அமெரிக்கர்கள் பேசியபோது 35. பயிற்சிக்குக் கொடுத்த பதிவுகளில் கறுப்பின மக்களின் பேச்சு போதாமல் போனதே காரணமாக இருக்கும் என்றார்கள் ஆய்வாளர்கள். ஒரு நிறுவனம் மட்டும் சறுக்கியிருந்தால் தற்செயல் எனலாம். ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது துறையின் பழக்கம்.

சென்னையில் ஓர் அலுவலகத்தில் தமிழ்க் குரல் கட்டளைகளைச் சோதித்தபோது இதே கதை சிறிய அளவில் நடந்தது. பொறியாளர்கள் பேசிய தமிழைக் கருவி தடுமாறாமல் புரிந்துகொண்டது. கேன்டீன் அக்காவும் வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணனும் பேசியபோது திணறியது. “அதுக்கு நம்ம ஊர்ப் பேச்சு தெரியல தம்பி” என்று அக்கா சிரித்துவிட்டுப் போனார். அன்று முதல் அந்தக் குழுவில் வெளியாட்கள் குரல் இல்லாமல் எந்தச் சோதனையும் முடிந்ததாகக் கணக்கில் வராது என்று விதி வைத்தார்கள். நான் அதோடு இன்னொன்றையும் சேர்ப்பேன்: குரலைப் பதிவு செய்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அந்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

குரல்கள் விடுபடுவது புதிதல்ல: பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. சிக்கனத்துக்காக வைத்த வரம்பு. ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் வலு பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. இனிஷியலைச் சொல்லும்போது “எஸ்ஸா, எஃப்ஃபா?” என்று மறுமுனை கேட்டது அதனால்தான். பெண்கள், குழந்தைகள் குரலில் அந்த வலு இன்னும் மேலே ஏறியிருக்கும். இழப்பும் அவர்களுக்கே அதிகம். சோதனைக்கு எடுக்கும் மாதிரிக் குரல்களில் பாதி பெண்களுடையதாகவும், சில குழந்தைகளுடையதாகவும் இருக்கட்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால், அது சலுகை கேட்பதாகாது.

அடுத்தது, பெயர். இங்கே டெலியா டெர்பிஷைரின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்துப் பட்டம் பெற்றவர். 1959இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்று பதில் வந்தது. மறு ஆண்டு பிபிசியில் சேர்ந்தார். 1962இல் நிகழ்ச்சிகளுக்கு மின்னணு ஒலிகளை உருவாக்கும் அதன் ரேடியோஃபோனிக் பட்டறைக்குப் போனார். அந்தப் பட்டறையைத் தொடங்கியவர்களில் ஒருவரும் பெண்தான், டாஃப்னி ஓரம். போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போனதால் பிபிசியின் தொழில்நுட்ப வேலைகள் பெண்களுக்குத் திறந்தபோது உள்ளே வந்தவர். கதவு ஏன் திறந்தது என்பது வேறு. திறந்த பிறகு என்ன விளைந்தது என்று பாருங்கள்.

1963இல் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் தாளில் எழுதிக் கொடுத்தார். அதை ஒலியாக்கியவர் டெர்பிஷைர். சிந்தசைசர் கைக்கு வராத காலம். ஆஸிலேட்டர் ஒலிகளையும், மீட்டிய ஒரு தந்தியின் ஒலியையும் டேப்பில் பதிந்து, வேகத்தை மாற்றி, பிளேடால் வெட்டி, சுரம் சுரமாக ஒட்டினார். கேட்ட கிரெய்னர் அசந்துபோய்த் தன் உரிமைத்தொகையில் பங்கு தர முன்வந்தார். பட்டறை ஊழியர்களின் பெயரைப் போடுவதில்லை என்ற பிபிசி வழக்கம் அதைத் தடுத்தது. திரையில் அவர் பெயர் வந்தது 2013இல், தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

இன்றைய அலுவலகங்களில் இது வேறு உருவில் நடக்கிறது. அல்காரிதத்தை எழுதியவர் பெயர் காப்புரிமையில் ஏறும். ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கேட்டுப் பிழை குறித்த டெஸ்டிங் பெண்ணின் பெயர் எங்கும் வராது. டெமோ கொடுப்பது மேலாளர், கைத்தட்டலும் அவருக்கே. என் அனுபவத்தில் பலன் தந்த வழி மிக எளிது: ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பிலும் டெஸ்டிங் ஆட்கள் உட்பட உழைத்த அத்தனை பேர் பெயரையும் போடுவது. காசு செலவில்லை. பதவி உயர்வுப் பேச்சு வரும்போது அந்தக் குறிப்பே சாட்சி.

பார்வையற்றவர்கள் விஷயத்தில் ஒலித் துறைக்குத் தனிக் கடமை இருக்கிறது. அவர்கள் சிறந்து விளங்கக்கூடிய தொழில்களில் இதுவும் ஒன்று. பழைய ஒலிக்கலவைப் பலகையில் குமிழைத் தடவியே வேலை செய்யலாம். கணினித் திரை வந்ததும் அது போயிற்று. ஸ்டூடியோக்களில் பெரிதும் புழங்கும் புரோ டூல்ஸ் மென்பொருளைப் பழைய மேக் கணினிகளில் திரைவாசிப்பான் துணையோடு பார்வையற்ற பொறியாளர்கள் ஓட்டினார்கள். ஆப்பிள் புதிய இயங்குதளத்துக்கு மாறியபோது அந்த வழி அடைபட்டது. நியூயார்க்கில் ஸ்டூடியோ நடத்தும் ஸ்லாவ் ஹலாட்டின் போன்ற பார்வையற்ற பொறியாளர்கள் புரோ டூல்ஸ் நிறுவனத்தோடு ஆண்டுக்கணக்கில் பேசித்தான் அதைத் திரும்பத் திறக்க வைத்தார்கள். ரீப்பர் என்ற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளுக்கோ, பார்வையற்ற ஆஸ்திரேலிய நிரலாளர் ஜேம்ஸ் டே ‘ஒசாரா’ என்ற இலவச இணைப்பை உருவாக்கினார். இத்தனைக்கும், பெயரிடாத பொத்தான்தான் பல இடங்களில் முதல் சிக்கல்: திரைவாசிப்பான் “பட்டன், பட்டன்” என்றே சொல்லிக்கொண்டு போகும். தொடக்கத்திலேயே செய்தால் பெயரிடுவது சொற்ப வேலை. பத்துப் பக்கக் கொள்கை அறிக்கை எழுதுவதைவிட, பார்வையற்ற ஒருவரை முழுநேர டெஸ்டிங் பொறியாளராக, முழுச் சம்பளத்தில் எடுப்பது மேல்.

கூட்டங்களைப் பற்றியும் கொஞ்சம். காதுக்காகவே வேலை செய்யும் அலுவலகத்தில், ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவதுதான் வேடிக்கை. சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் அளவுக்குக் கேட்புக் குறைபாடு உள்ளவர்கள் உலகில் 43 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் குழுவிலும் வெளியே சொல்லாமல் ஒருவர் இருக்கலாம். யாரும் கேட்கும்வரை காத்திராமல் காணொலி அழைப்பில் எழுத்துவரியை எப்போதும் ஓடவிடுங்கள். கூட்டம் முடியும் நேரத்தில் “உனக்கு ஏதாவது சொல்லணுமாப்பா?” என்று தமிழ்வழியில் படித்து வந்த புதியவரிடம் கேட்பது சடங்கு. விவாதப் பொருளை முந்தைய நாளே அனுப்பி, எழுதிக் கருத்துச் சொல்ல வழிவிட்டால் அவரிடமிருந்து நல்ல யோசனை வரும். அமெரிக்கக் குழுவோடு இரவு ஒன்பதரைக்கு அழைப்பு என்றால், அடுத்த மாதம் அவர்கள் விடியலில் எழட்டும்.

சட்டப்படி செய்ய வேண்டியவை தனி. பத்துப் பேர் வேலை செய்தாலே பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு வேண்டும். ஐம்பது பேர் இருந்தால் குழந்தைகள் காப்பகம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சமவாய்ப்புக் கொள்கையைத் தனியார் நிறுவனமும் வெளியிட வேண்டும்.

இந்தத் துறையில் நேர்காணலுக்குப் போகிறவர்கள், “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று அவர்கள் சொல்லும்போது மூன்றைக் கேளுங்கள்: லிஸனிங் டெஸ்டுக்கு யார் யார் உட்காருகிறார்கள், வெளியீட்டுக் குறிப்பில் யார் பெயர் வருகிறது, சமவாய்ப்புக் கொள்கை எங்கே இருக்கிறது. மழுப்பினால், சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணிடமோ ஒரு டெஸ்டிங் ஊழியரிடமோ பேசிவிட்டு முடிவெடுங்கள்.