மூன்று சாவி, ஏழு கதிரை



கிழக்கு ஆபிரிக்காவில் தன்சானியா என்றொரு நாடு இருக்கிறது. அதன் வடகிழக்கே உசம்பாரா மலைகள். நமது மலைகளைப் போலவே அங்கேயும் தேயிலை உண்டு, கொழுந்து பறிக்கும் கைகளும் உண்டு. வீட்டில் அவரவர் தாய்மொழி பேசினாலும், ஊர்க்கூட்டம் என்று வந்துவிட்டால் சுவாஹிலி மொழிதான். கூட்டத் தலைவரை அந்த மொழியில் 'ம்வென்யேகிட்டி' என்பார்கள். கதிரையை உடையவர் என்று பொருள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான்.

1999-ல் அந்த நாட்டில் கிராமக் காணிச் சட்டம் வந்தது. ஊரில் காணித் தகராறு என்றால் சமரசம் பேச 7 பேர் கொண்ட சபை. அதில் 3 பேர் பெண்கள். காணி வைத்திருக்க ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் புருஷன் செத்துப்போனால் அவனுடைய அண்ணன் தம்பிமார் வந்து "இது எங்க குடும்பக் காணி" என்று நிற்பது பல இடங்களில் பழைய வழக்கம். அந்தத் தாய் பிள்ளைகளோடு சபைக்கு முன்னால் வந்து நிற்கும்போது, கதிரையில் இருக்கிற 3 பெண்களும் தலையைக் குனிந்துகொண்டிருந்தால் சட்டம் இருந்து என்ன பயன்? அதனால்தான் பெண்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி தேவைப்படுகிறது.

அப்படியான பயிற்சிக்கு உதவியாகப் போகிறவர் முதலில் வணக்கம் சொல்லப் பழக வேண்டும். வயதில் மூத்தவரைக் கண்டால் 'ஷிகமோ' என்பது அங்கே மரியாதை. அவர் 'மரஹபா' என்று பதில் சொல்வார். இதை விட்டுவிட்டுக் கரும்பலகைப் பக்கம் போனால், "இவளுக்கு வளர்ப்புச் சரியில்லை" என்று நினைத்துவிடுவார்கள். பெண்களைப் பிள்ளையின் பெயரைச் சேர்த்து 'மாமா ஜுமா' என்கிற மாதிரி அழைப்பார்கள். அங்கே மாமா என்றால் அம்மா! சிரிக்க வேண்டாம். பயிற்சியில் மட்டும் அவளுடைய சொந்தப் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

பயிற்சிக்கு வந்தால் 'போஷோ' என்ற படிக்காசு கிடைக்கும் என்று பலர் எதிர்பார்ப்பார்கள். வேலையை விட்டு வருகிறவள் கேட்பதில் தப்பில்லை என்பது என் எண்ணம். தருவதா இல்லையா என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இனிப் பாடம். "நான் படிக்காதவ, எனக்கென்ன தலைமை தெரியும்?" என்பாள் ஒருத்தி. அவளிடம் அவளுடைய சேமிப்புக் குழுவைப் பற்றிக் கேளுங்கள். 1991-ல் நைஜர் நாட்டில் கெயார் நிறுவனம் தொடங்கிய ஒரு சேமிப்பு முறை, பிற்பாடு தன்சானியாவிலும் பரவியது. 15 முதல் 25 பேர் வரை ஒரு குழு. காசு ஓர் இரும்புப் பெட்டியில். பெட்டிக்கு 3 பூட்டு. சாவி மூன்றும் மூன்று பேர் கையில், பெட்டி இன்னொருத்தி வீட்டில். ஒருத்தி தனியாகத் திறக்கவே முடியாது. எல்லோர் கண்முன்னாலும் எண்ணுவார்கள். மிச்சம் எவ்வளவு என்பதை அடுத்த கூட்டம்வரை எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவளும் "போன கூட்டத்துல இவ்வளவு இருந்திச்சு" என்று சட்டென்று சொல்லுவாள். கணக்குக் கேட்கவும், கடன் கேட்டவளுக்கு "இப்ப ஏலாது" என்று முகம் பார்த்துச் சொல்லவும் அவளுக்குத் தெரியும். தலைமை வேறு எங்கே இருக்கிறது? உதவியாளர் அங்கிருந்தே தொடங்க வேண்டும், ஆங்கிலப் புத்தகத்திலிருந்து அல்ல.

பீபி திட்டி முகமது என்ற அம்மையார் பாட்டுக்காரி. 1955-ல் சுதந்திரக் கட்சியின் மகளிர் பிரிவுக்குத் தலைவியானபோது, பெண்களைத் தேடி அவர் போனது தமக்குப் பழக்கமான ஆடல்பாடல் குழுக்களுக்குத்தான். ஆயிரக்கணக்கில் பெண்கள் கட்சியில் சேர்ந்தார்கள். 1961-ல் நாடு சுதந்திரம் பெற்றது. முதல் பெண் ஜனாதிபதி வர 2021 ஆகிவிட்டது, அது வேறு கதை.

பிறகு பழக்கம். ஒவ்வொருத்தி கையிலும் 5 சோள விதை கொடுங்கள். ஒரு தடவை பேசினால் ஒரு விதையை நடுவில் போட வேண்டும். விதை முடிந்தவள் வாயை மூட வேண்டும். விதை மீதி உள்ளவள் பேசியே ஆக வேண்டும். வாயாடிகளுக்கு இது பெரிய தண்டனை! தலைவியின் கதிரையில் ஒவ்வொரு நாளும் ஒருத்தி. உதவியாளருக்கு இடம் பின்வரிசையில். எல்லோரும் மௌனமாக இருந்தால் அவசரப்பட்டு அதை நிரப்பக் கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

கடைசி நாள் விதவையின் காணி வழக்கை நடித்துப் பார்க்கலாம். 7 கதிரை போடுங்கள். மச்சான்மார் ஒரு பக்கம், அவளும் பிள்ளைகளும் மறுபக்கம். மூத்த மச்சான் எழுந்து, "பொம்பள பேச்சு சபைக்கு எதுக்கு?" என்கிறான். நடுக்கதிரையில் இருக்கிறவள் என்ன சொல்லுவாள்? அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் நீங்களும் இதை நடித்துப் பாருங்கள். அந்தக் கதிரையில் இதுவரை வாய் திறக்காத அக்காவை இருத்துங்கள்.