பழைய கண் ஸ்கேனை அழித்துவிடாதீர்கள்!

சென்ற மாதம் அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். அவருக்குக் க்ளாக்கோமா இருக்கிறது. “பழைய ஸ்கேன் இருக்கிறதா?” என்று டாக்டர் கேட்டார். நான் விழித்தேன். 2021-ல் எடுத்த ஸ்கேன் பைல் என் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில்தான் இருந்தது. பிறகு ஒருநாள் காப்பி எடுக்காமல் சி டிரைவை பார்மட் செய்துவிட்டேன். ஸ்கேன் எடுத்த இடமும் மூடப்பட்டுவிட்டது. சாப்ட்வேர் இன்ஜினியர் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது.

பழைய பைல் எதற்கு?

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் சுமார் பத்து லட்சம் இழைகள் உள்ளன. க்ளாக்கோமாவில் இவை மெதுவாக அழிகின்றன. பெரும்பாலும் வலி இருக்காது. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். எனவே டாக்டருக்குத் தெரிய வேண்டியது, இழப்பு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதே.

இதற்கு ஓ.சி.டி. ஸ்கேன் உதவுகிறது. 1991-ல் வெளியுலகுக்கு அறிமுகமான இந்த முறை, ஒளியைச் செலுத்தி நரம்பு இழைப் படலத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் இருக்கும். பச்சை என்றால் அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிடும்போது சரி என்று பொருள். ஆனால் ஒருவருக்கு 105 மைக்ரான் இருந்தது 92 ஆகக் குறைந்தாலும் பச்சையாகவே காட்டக்கூடும். 13 மைக்ரான் போனது பழைய ஸ்கேன் இருந்தால்தான் தெரியும். ஓரிரு மைக்ரான் வித்தியாசம் அளவெடுப்பதிலேயே வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். வெவ்வேறு கம்பெனி மெஷின்களின் எண்களை நேரடியாக ஒப்பிடவும் கூடாது. முடிந்தவரை ஒரே வகை மெஷினில் எடுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. பிரிண்ட்டோடு நிற்காமல் பைலையும் கேட்டு வாங்குங்கள்.

2. தனி போல்டர் திறந்து, 2024-03-12-வலது என்பதுபோல் வருடத்தை முதலில் வைத்துப் பெயர் கொடுங்கள். பைல்கள் தானாகவே தேதி வரிசையில் நிற்கும்.

3. ஒரிஜினலை வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள்.

4. அதே ஹார்டு டிஸ்க்கில் உள்ள டி டிரைவில் வைப்பது பேக்கப் ஆகாது. டிஸ்க் பழுதானால் இரண்டும் போகும். பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என வையுங்கள்.

விழித்திரை போட்டோக்கள் இருந்தால், இரண்டு வருடப் படங்களை அடுத்தடுத்து வைத்து அம்புக்குறி கீயால் மாற்றி மாற்றிப் பாருங்கள். மாறிய இடம் அசைவதுபோல் தெரியும். 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்ததும் இப்படி இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான். ஆனால் படம் எடுத்த கோணம் மாறினாலும் அசைவு தெரியும். எனவே முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

அப்பாவுக்குச் சென்ற மாத ஸ்கேன்தான் இனி முதல் ஸ்கேன். இடைப்பட்ட வருடங்களில் எவ்வளவு போயிற்று என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் அப்படி நேர வேண்டாம். இன்றே ஒரு போல்டர் திறந்துவிடுங்கள்.