மூலையில் நீளும் நட்சத்திரங்கள்

திருவனந்தபுரத்துப் பழவங்காடியிலிருந்து நெபுலாக்களைப் படம் எடுக்கிறேன் என்றால் தெருக்காரர்களே நம்புவதில்லை. ஒரு பக்கம் கிழக்கே கோட்டை பஸ் நிலையம், இன்னொரு பக்கம் சாலைக் கடைத்தெரு, கூப்பிடு தூரத்தில் தம்பானூர் ரயில் நிலையம். அத்தனை விளக்கும் என் மொட்டைமாடிக்கு மேலேதான் எரிகிறதோ என்று தோன்றும். ஆனால் வெளிச்சத்துக்குப் பரிகாரம் உண்டு. ஃபில்டர் போடலாம், நிறையப் படம் எடுத்து அடுக்கலாம், லீவு கிடைத்தால் பொன்முடிக்குப் போகலாம். ஃபோகஸ் தப்பிய படத்தையும் மூலைகளில் நட்சத்திரம் இழுத்துக்கொண்ட படத்தையும் மென்பொருள் ஓரளவுதான் ஒப்பேற்றும்.

1837-ல் சுவாதித் திருநாள் மகாராஜா இந்த ஊரில் வானாய்வு நிலையம் தொடங்கி, ஜான் கால்டிகாட்டை அதற்குப் பொறுப்பாக வைத்தார். அந்த நிலையம் இருக்கும் குன்று இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அன்றைக்கு ஐபீஸில் கண் வைத்துப் பார்த்தவருக்கு ஒரு சலுகை இருந்தது: ஃபோகஸ் கொஞ்சம் விலகினாலும் கண்ணே சரிசெய்துகொள்ளும். சென்சாரிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு தூரங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முன் லென்ஸிலிருந்து சென்சார்வரை உள்ள தூரம் ஒன்று. அதை மாற்றத்தான் ஃபோகஸர். மூலை நட்சத்திரங்களைச் சீராக்கும் ஃப்ளாட்னர் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சென்சார்வரை உள்ள தூரம் வேறு. ஃபோகஸரைத் திருகினால் ஃப்ளாட்னரும் கேமராவும் சேர்ந்தே நகரும், நடுவிலுள்ள இடைவெளி மாறாது. அதை ஸ்பேசர் வளையங்களால் மட்டுமே மாற்ற முடியும். நடுவில் ஊசிமுனையாக இருக்கும் நட்சத்திரம் மூலையில் வால் முளைத்து நின்றால், ஃபோகஸரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

பல ஃப்ளாட்னர்களுக்கு இந்த இடைவெளி 55 மி.மீ. கேனான் டிஎஸ்எல்ஆரில் மவுன்ட்டின் முகப்பிலிருந்து சென்சாருக்கு 44, அதை டெலஸ்கோப்போடு இணைக்கும் டி ரிங் 11, ஆக 55. நிக்கானில் 46.5-உம் 8.5-உம். டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. வானியல் கேமராவுக்கு மாறும்போதுதான் கணக்கு தொடங்கும். என் கேமராவில் சென்சார் 17.5 மி.மீ. உள்ளே இருக்கிறது, மிச்சம் 37.5-ஐ 21-உம் 16.5-உமாக இரண்டு வளையங்கள் நிரப்புகின்றன. நடுவே ஃபில்டர் வந்தால் அதன் கண்ணாடித் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். 2 மி.மீ. கண்ணாடிக்குச் சுமார் 0.7. எல்லா ஃப்ளாட்னருக்கும் 55தான் என்று நம்பிவிடாமல், வாங்கியதோடு வந்த தாளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வளையத்தை லேத்தில் கடையக் கொடுப்பவர்கள் மரையின் பிட்ச்சைச் சொல்லாமல் வரக் கூடாது. பழைய கேமரா லென்ஸ்களின் எம்42 மரைக்கு பிட்ச் 1 மி.மீ., டெலஸ்கோப்பின் டி மரைக்கு 0.75. பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டு சுற்று ஏறி, மூன்றாவதில் சிக்கிக்கொள்ளும். நுணுக்கமான திருத்தத்துக்கு லேத்தும் வேண்டாம். பழைய ஓஹெச்பி ஷீட்டை வெர்னியரில் பிடித்தால் 0.1 மி.மீ. காட்டும். அதை வளையமாக வெட்டி மரைத் தோளில் வைத்து இறுக்கிவிடுவேன். ஐந்து போட்டால் அரை மில்லி. லேத் கடை அண்ணாச்சி இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அரை மில்லிக்கா தம்பி இவ்வளவு பாடு?” என்றார்.

இனி மூலைகளைப் படிக்க வேண்டும். நட்சத்திரம் நெருக்கமாக உள்ள பகுதியை 20, 30 வினாடிக்கு எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கிலும் நட்சத்திரங்கள் படத்தின் நடுவை நோக்கி நீண்டிருந்தால் பெரும்பாலும் இடைவெளி போதவில்லை, ஷீட்டைச் சேர்க்கலாம். நடுவைச் சுற்றி வட்டமிடுவதுபோல் வளைந்திருந்தால் இடைவெளி அதிகம். ஒரு மூலை மட்டும் கெட்டு, எதிர்மூலை சுத்தமாக இருந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது, ஸ்பேசரைத் தொடாதீர்கள். படம் முழுக்க ஒரே திசையில் நீண்டிருந்தால் டிராக்கிங் கோளாறு. இந்த ஊரில் அது சகஜம். டிராக்கிங்கைச் சீரமைக்கத் தேவையான துருவ நட்சத்திரம் எட்டரை டிகிரி உயரத்தில்தான் நிற்கும், பழவங்காடியில் அதற்குக் குறுக்கே யாருடைய தண்ணீர்த் தொட்டியாவது இருக்கும். ஷீட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் புதிதாக ஃபோகஸ் செய்த பிறகே மூலைகளைப் பார்க்க வேண்டும்.

ஃபோகஸுக்கு, டெலஸ்கோப்பின் முகப்பில் மாட்டும் பாஹ்டினோவ் மாஸ்க்கே எனக்குப் போதும். ரஷ்யாவின் பாவெல் பாஹ்டினோவ் 2005-ல் உருவாக்கியது. குறுக்காக வெட்டிக்கொள்ளும் இரண்டு கதிர்களுக்கு நடுவே மூன்றாவது கதிர் சரியாக வந்து நின்றால் முடிந்தது. எஃப்/5 டெலஸ்கோப்பில் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 0.07 மி.மீ.தான், அந்த ஓஹெச்பி ஷீட்டைவிட மெல்லிசு. மார்கழி, தை இரவுகளில் ஃபோகஸுக்குத் தோதான திருவாதிரை நட்சத்திரம் இங்கே ஏறக்குறைய நேர் உச்சியில் வரும். நட்சத்திரம் பிரகாசமானது, காற்றுக் கலக்கமும் அங்கே குறைவு. ஆனால் டெலஸ்கோப் செங்குத்தாக நிற்கும்போது கேமராவின் முழுப் பாரமும் ஃபோகஸர் குழாயில் தொங்கும். குழாய் மெல்ல நழுவும். பூட்டுத் திருகை இறுக்கினாலோ அந்த இறுக்கமே ஃபோகஸை நகர்த்தும். திருகைப் பாதி இறுக்கி ஃபோகஸ் செய்து, முழுக்க இறுக்கி, மாஸ்க்கை மறுபடி வைத்துப் பாருங்கள். மாஸ்க்கை எடுக்க மறந்து ராத்திரி முழுக்கப் படம் எடுத்தவர்களும் உண்டு.

குளிர்ப் பிரதேசத்தார் மணிக்கொரு தடவை ஃபோகஸ் பார்க்கச் சொல்வார்கள். இங்கே அவ்வளவு தேவையில்லை. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 0.023 மி.மீ. சுருங்கும், அரை மீட்டர் குழாய்க்கு, ராத்திரியில் ஐந்து டிகிரி இறங்கினாலும் 0.06 மி.மீ.க்குள்தான். நடுவில் ஒருமுறை பார்த்தால் போதும். இந்த ஊரின் வில்லன் ஈரப்பதம். நட்சத்திரங்கள் வரவரக் கொழுத்துக்கொண்டே போனால் ஃபோகஸைத் தொடும் முன் லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள், பனி படிந்திருக்கும். ஹீட்டர் பட்டையை முதலிலேயே சுற்றிவிடுவது நல்லது. ஏசி அறையிலிருந்து டெலஸ்கோப்பை நேரே மாடிக்குக் கொண்டுபோகவே கூடாது.

இடைவெளி ஒருமுறை அமைந்துவிட்டால் ஃப்ளாட்னரையும் கேமராவையும் பிரிக்காமல் ஒன்றாகவே கழற்றி, இருபுறமும் மூடி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். எத்தனை ஷீட், எந்த ஃபில்டர் என்று டப்பாமேல் எழுதி ஒட்டியிருக்கும். இடவப்பாதி மழை பிடித்தால் அதற்கு மாதக்கணக்கில் வேலையில்லை. ஆனால் ஜெல்லின் நீலம் ரோஸாக மாறுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பேன். மாறியிருந்தால் பழைய வாணலியில் வறுத்து, ஆறியதும் திரும்பப் போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை வந்துவிடும்.