படகின் இரைச்சலும் கங்கை டால்பினும்: ‘ஒலி’ பாடத்திற்கு ஒரு வகுப்பறைச் செயல்பாடு

வகுப்பு: 9 | பாடம்: அறிவியல் | தேவை: 2 பாடவேளைகள்

அறிமுகம்

தேசிய நீர்வழிகள் சட்டம், 2016-இன்படி நம் நாட்டில் 111 தேசிய நீர்வழிகள் உள்ளன. இராணிப்பேட்டை மாவட்ட மாணவர்கள் பெரும்பாலும் மணற்பரப்பாகவே பார்த்துப் பழகிய பாலாறும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இச்செய்தியைக் கூறி, “ஆற்றில் இயந்திரப் படகுகள் ஓடினால் யாருக்கு நன்மை? யாருக்குத் தொல்லை?” என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம். இரண்டையும் ஒருசேரக் காண ஏற்ற இடம் கங்கை.

கற்றல் விளைவுகள்

• எதிரொலியைக் கொண்டு தொலைவையும் நேரத்தையும் கணக்கிடுவர்.
• இரைச்சல் உயிரினங்களைப் பாதிக்கும் விதத்தை விளக்குவர்.
• இரு தரப்புத் தேவைகளையும் கருதி விதிகளை உருவாக்குவர்.

பாடக்கருத்து

கங்கை டால்பின் நமது தேசிய நீர்வாழ் விலங்கு. அதன் கண்ணில் வில்லை இல்லை. பார்வை மிகக் குறைவு. மீயொலியை எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டே இரையையும் வழியையும் அறிகிறது. 2025-இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள ஆற்று டால்பின்கள் 6,327 மட்டுமே.

ஹால்தியா முதல் பிரயாக்ராஜ் வரை 1,620 கி.மீ. நீளமுள்ள தேசிய நீர்வழி-1 இவற்றின் வாழிடம் வழியே செல்கிறது. பீகாரின் விக்ரமசீலா டால்பின் சரணாலயமும் இவ்வழியில்தான் உள்ளது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, நீர் ஆழம் குறையும் காலத்தில் கப்பல் இரைச்சலின் பாதிப்பு கூடுகிறது என்றும், அதைச் சமாளிக்க டால்பின்கள் கூடுதல் ஆற்றலைச் செலவிட நேர்கிறது என்றும் காட்டியது.

மறுபுறம், ஒரு டன் சரக்கை லாரியில் கொண்டுசெல்வதைவிட நீர்வழியில் கொண்டுசெல்ல எரிபொருள் குறைவாகவே ஆகும். படகை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு.

கணக்கு: நீரில் ஒலியின் வேகம் சுமார் 1,500 மீ/வி. 15 மீட்டர் தொலைவிலுள்ள மீனிடமிருந்து எதிரொலி வர ஆகும் நேரம் = (2 × 15) ÷ 1,500 = 0.02 விநாடி.

செயல்பாடு 1: கேட்டுக் கண்டுபிடி

ஒரு மாணவரின் கண்ணைக் கட்டி நடுவில் அமர்த்துக. மற்றவர்களுள் ஒருவர் மெதுவாகக் கைதட்ட, அவர் திசையைக் காட்ட வேண்டும். 10 முறை செய்து, சரியானவற்றைக் கரும்பலகையில் குறிக்கவும். பிறகு மற்ற மாணவர்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருக்க, மீண்டும் 10 முறை செய்க. இரு எண்களையும் ஒப்பிட்டால், டால்பினின் நிலை சொல்லாமலே விளங்கும்.

செயல்பாடு 2: விதி எழுதுவோம்

வகுப்பைப் படகோட்டி, மீனவர், நீர்வழி அலுவலர், வன அலுவலர் என நான்கு குழுக்களாகப் பிரிக்கவும். ஒவ்வொரு குழுவும் வேகம், பருவம், நீர் ஆழம், படகு எண்ணிக்கை ஆகியவை குறித்துத் தலா ஒரு விதி எழுத வேண்டும். நான்கு குழுக்களும் ஏற்கும் விதிகளே இறுதிப் பட்டியலில் சேரும்.

மதிப்பீடு

1. கோடையில் டால்பினுக்குப் பாதிப்பு கூடுவது ஏன்?
2. எதிரொலி 0.04 விநாடியில் வந்தால் மீன் எவ்வளவு தொலைவில் உள்ளது?
3. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும் காவேரிப்பாக்கம் ஏரியில் இயந்திரப் படகு விடுவதாக வைத்துக்கொண்டால், உங்கள் பட்டியலில் எந்த விதிகள் பொருந்தும்? எவற்றை மாற்ற வேண்டும்?

ஆசிரியர் கவனத்திற்கு

“படகே வேண்டாம்” அல்லது “டால்பின் எப்படியோ பிழைத்துக்கொள்ளும்” என்ற விடைகளோடு மாணவர்கள் நின்றுவிடக்கூடும். எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை படகுகள், என்ன வேகத்தில் என்று அவர்களைத் தொடர்ந்து கேளுங்கள். அந்த விவரங்களில்தான் இரு தரப்புக்கும் இடம் கிடைக்கிறது.