கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பின் வரும் உதிரம்

கட்டி, ஓயாத பெரும்பாடு முதலிய காரணங்களால் நம் பெண்களில் பலர் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள். "இனி ஹைளு இல்லை" என்று எண்ணி வீடு திரும்பியவர்கள், சில நாட்களில் உதிரம் கண்டதும் கலங்கிவிடுகிறார்கள். சிலர் வாரக்கணக்கில் தொழுகையை விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் வெட்கத்தால் மறைத்து ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். ஆகவே இதன் விளக்கத்தை இங்கே தருகிறோம்.

உதிரம் ஏன் வருகிறது?

கர்ப்பப்பையின் மேற்பகுதியை எடுத்துவிட்டு, கழுத்துப் பகுதியை மட்டும் விட்டுவைக்கும் ஆபரேஷனும் உண்டு. உள்காயம் ஆறும்வரை சில வாரங்கள் சிறிதளவு உதிரமோ பழுப்பு நிறக் கசிவோ வரலாம். அது வரவரக் குறைந்து நின்றுவிடும். சினைப்பைகளை எடுக்காமல், எஞ்சிய கழுத்தில் கர்ப்பப்பையின் உட்சவ்வு சிறிது தங்கியிருந்தால், மாதந்தோறும் லேசாக உதிரம் தெரிவதும் உண்டு.

தொழுகையின் சட்டம்

காயத்திலிருந்து வரும் உதிரம் ஹைளு அன்று; பிள்ளைப்பேறு இல்லாததால் நிபாஸும் அன்று. ஓயாத உதிரப்போக்குடைய ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் தொழுகையை விடலாமா எனக் கேட்டபோது, அது நரம்பிலிருந்து வருவது, ஹைளு அன்று என நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. எனவே தொழுகை கடமையே.

உதிரம் நிற்கும் நேரம் கிடைத்தால் அப்போது தொழ வேண்டும். விடாமல் கசிந்தால் இடத்தைக் கழுவி, துணி வைத்து, வக்து வந்தபின் உளூச் செய்து தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி உளூ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த வக்து முடியும்வரை ஒரே உளூ போதும்.

மாதந்தோறும் வரும் கசிவுக்கு ஓர் அளவு உண்டு. ஹைளுவின் குறைந்த அளவு ஷாஃபிஈயில் ஓர் இரவும் பகலும், அதாவது 24 மணி நேரம். ஹனஃபியில் 3 நாட்கள். இதற்குக் குறைந்தது ஹைளு ஆகாது. அந்த அளவை எட்டினால், எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கி, ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள்.

குனிய முடியாதவர் உட்கார்ந்து சைகையால் தொழலாம். மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ரமளானில் உடல் தேறாதவர் நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம்.

உடல் தேற

4 முதல் 6 வாரங்கள்வரை தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை போன்ற பாரங்களைத் தூக்கக் கூடாது. படுத்தே கிடக்காமல் வீட்டிற்குள் மெல்ல நடக்க வேண்டும். டாக்டர் அனுமதிக்கும்வரை கணவன் மனைவி சேராதிருக்க வேண்டும்.

வைத்த துணி ஒரு மணி நேரத்தில் முழுதும் நனைந்தாலும், உதிரம் கட்டிகட்டியாக வந்தாலும், காய்ச்சல், துர்நாற்றம், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். நின்றுபோன உதிரம் பல மாதங்கள் கழித்து வந்தாலும் காட்ட வேண்டும். கழுத்துப் பகுதியை விட்டுவைத்திருந்தால் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையையும் விட்டுவிடக் கூடாது.

கணவன்மார்களே! மனைவி தயங்கினால் நீங்களே அன்போடு விசாரியுங்கள். மார்க்கச் சட்டத்தைக் கேட்பதிலும் மருத்துவரிடம் சொல்வதிலும் வெட்கமில்லை. நோயுற்ற நம் சகோதரிகளுக்கு வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.